சுக்கு சேர்க்காத உருண்டை

கடலுக்கு அந்தப் பக்கம் அரிசி அனுப்பப் போகிறோம் என்று மாமா வந்து சொன்னபோது, பெரியம்மா கேட்ட முதல் கேள்வி, "வெறகு?" என்பதுதான்.

மாமாவுக்குப் புரியவில்லை. இரண்டு நாட்களாக அவரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு வேட்டியை நான்கு முனையில் பிடித்துக்கொண்டு ஆரணியின் தெருத்தெருவாகப் போய் வந்திருந்தார்கள். இலங்கையில் நம் சனங்கள் சோற்றுக்கு இல்லாமல் தவிக்கிறார்கள் என்று ரேடியோவில் தினமும் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. எண்பதுகளின் பின்பாதி. நான் ஐந்தாம் வகுப்புப் பரீட்சையை எழுதிவிட்டுக் கோடை விடுமுறையில் இருந்தேன். வேட்டியில் விழுந்த அரிசி மூட்டையாகி, பஜனை கோயிலின் மூலையில் அடுக்கப்பட்டிருந்தது. மாமா ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடையில் வேலை பார்த்தவர். அதனால் அந்த இரண்டு நாட்களும் ஊரே அவர் குரலைக் கேட்டிருந்தது. அந்தக் குரல் இப்போது கட்டிப்போய் இருந்தது.

"இன்னாக்கா வெறகு?" என்றார்.

"மண்ணெண்ணெ இல்ல, வெறகு இல்லன்னு ரேடியோவுல சொல்றான் இல்ல? அரிசிய வெச்சிகினு அந்த சனங்க இன்னா பண்ணும்? வாயில போட்டு மெல்லுமா?"

மாமா உட்கார்ந்துவிட்டார். பெரியம்மா கேட்கும் கேள்விக்கு எங்கள் வீட்டில் யாரும் நின்றுகொண்டு பதில் சொன்னதில்லை.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. சின்ன வயதிலேயே புருஷனை இழந்து எங்களோடு வந்து இருந்தாள். அப்பா தறியில் உட்கார்ந்து பட்டுப்புடவை நெய்தால், அதற்கு ஊடு நூலைத் தார்க்கட்டையில் சுற்றித் தருவது அவள் வேலை. ஆனால் தெருவில் கல்யாணம், காதுகுத்து என்றால் தார் ராட்டினம் ஓரமாகப் போய்விடும். கரண்டி அவள் கைக்கு வந்துவிடும். அடுப்புக்கு முன்னால் அவள் நின்றாள் என்றால், பொண்ணு வீட்டாராக இருந்தாலும் பையன் வீட்டாராக இருந்தாலும் சற்றுத் தள்ளியே நிற்பார்கள்.

அவள்தான் பொருள்விளங்கா உருண்டையைச் சொன்னாள். அரிசி, பச்சைப்பயறு, வேர்க்கடலை எல்லாவற்றையும் வறுத்து, அரைத்து, சுக்குப் பொடி சேர்த்து வெல்லப் பாகில் உருட்டுவது. தின்பதற்கு அடுப்பு தேவையில்லை, தண்ணீர்கூடத் தேவையில்லை. ஒன்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டால் அரை நாள் பசி தாங்கும். மாதக் கணக்கில் கெடாது. கல் மாதிரி இருக்கும் என்பது ஒன்றுதான் குறை. "கடல்ல போட்டாகூட அப்பிடியே கரைக்குப் போய்ச் சேரும்" என்று அம்மா சொன்னாள். பெரியம்மா சிரிக்கவில்லை.

அதன் பிறகு எங்கள் தெரு வேறு தெருவாகிவிட்டது. பட்டு நூல் விலை ஏறி, பாதித் தறிகள் சும்மா கிடந்த சமயம் அது. எங்கள் வீட்டிலேயே ராத்திரிக்குக் கூழ்தான். ஆனாலும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஏதோ ஒன்று முறத்தில் வந்தது. ஒரு வீட்டிலிருந்து வேர்க்கடலை வந்தது. இன்னொரு வீட்டிலிருந்து பொட்டுக்கடலை. கடைசி வீட்டுக்காரம்மா, தறி நின்று இரண்டு மாதமானவர், ஒரு சின்னக் கிண்ணத்தில் கேழ்வரகு கொண்டுவந்து, கொடுப்பதா வேண்டாமா என்று வாசலிலேயே நின்றார். பெரியம்மா எழுந்து போய் அதை இரண்டு கையாலும் வாங்கி, அரிசியோடு கொட்டிக் கலந்துவிட்டாள். "கேழ்வரகு சேர்ந்தாதான் தெம்பு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். பொருள்விளங்கா உருண்டையில் கேழ்வரகு போடும் வழக்கம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மாவு மில்காரர் கூலி வாங்காமல் அரைத்துக் கொடுத்தார். ஒரு மளிகைக்கடைக்காரர் வெல்லம் தந்தார். அவரே லாரிக்கும் ஏற்பாடு செய்வதாகச் சொன்னார்.

எங்கள் வீட்டை ஒட்டிய ஒற்றை அறையில் சிலோன் அக்கா குடியிருந்தார். அவருக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. வாடகை ரசீதைத் தவிர வேறெங்கும் அது பயன்படவில்லை. அவரும் அவர் கணவரும் படகில் வந்து, கொஞ்ச நாள் முகாமில் இருந்து, தெரிந்தவர் ஒருவர் மூலம் ஆரணிக்கு வந்தவர்கள். கணவர் கண்ணமங்கலத்தில் ஒரு அரிசி மில்லில் கணக்கு எழுதினார். காலை பஸ்ஸில் போய், இருட்டியபின் வருவார். வரும்போது மில்லில் படித்து முடித்த செய்தித்தாளை மடித்து எடுத்துவருவார். சிலோன் அக்கா அதை விளம்பரம் விடாமல் வாசிப்பார். ஊரில் டீச்சராக இருந்தவர். இங்கே எங்களைப் போன்ற பிள்ளைகளுக்குச் சாயங்காலம் கணக்கு சொல்லிக் கொடுத்தார். அவர் பேச்சு எங்களுக்குப் பாட்டு மாதிரி இருக்கும். முதல் மாதம் கணக்கு ஏறவில்லை, பேச்சுதான் ஏறியது.

அவருடைய அம்மா மட்டும் அங்கேயே இருந்துவிட்டார். படகில் ஏறும் நாளன்று, மாடு சினையாக இருக்கிறது, கன்று போட்டதும் வருகிறேன் என்று சொல்லிவிட்டாராம். அந்தக் கன்று வளர்ந்து அதுவும் சினையாகும் காலம் வந்துவிட்டது. ஆரணியிலிருந்து சிலோன் அக்கா எழுதிய ஒரு கடிதத்துக்கும் பதில் இல்லை. கிடைத்ததா என்றும் தெரியவில்லை.

ருசி பார்க்க முதலில் கொஞ்சம் உருட்டியபோது, பெரியம்மா ஒரு தட்டில் நாலைந்தை வைத்து என்னிடம் கொடுத்து, பக்கத்து அறைக்கு அனுப்பினாள். சிலோன் அக்கா தட்டைப் பார்த்தார். எடுக்கவில்லை.

"இது அங்க போறதுக்குச் செய்தது எல்லோ? அங்கயே போகட்டும் பிள்ளை," என்றார்.

நான் தட்டைத் திருப்பிக் கொண்டுவந்தேன். சொன்னதை அப்படியே சொன்னேன். பெரியம்மாவின் முகம் சிவந்துவிட்டது. "ஓகோ. நம்ம கை பட்டது அவங்களுக்கு ஆவாதாமா?" என்றாள். அம்மா ஏதோ சொல்லப் போக, "நீ சும்மா இரு" என்று அடக்கினாள். அன்றிலிருந்து அடுத்த அறைப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. குழாயடியில் சிலோன் அக்கா குடம் வைத்தால், பெரியம்மா அந்த நேரத்துக்குத் தன் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிடுவாள். இத்தனைக்கும் அவள் ராப்பகலாக உழைத்தது சிலோன் அக்காவின் ஊருக்காகத்தான். அதை யாரும் அவளிடம் சொல்லத் துணியவில்லை.

உருட்டும் நாள் வந்தது. பஜனை கோயிலுக்குப் பின்னால் கோட்டை அடுப்பு போட்டு, கல்யாண அண்டாக்களை இறக்கியிருந்தார்கள். பெண்கள் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பாகு கம்பிப் பதம் வந்ததும் பெரியம்மா மாவில் ஊற்றிக் கிளறித் தருவாள். ஆறினால் பிடிக்க வராது. கை பொறுக்காத சூட்டிலேயே பிடிக்க வேண்டும். உள்ளங்கையில் அரிசி மாவைத் தடவிக்கொண்டு பிடிப்பார்கள். அப்படியும் சுடும். "ஸ்ஸ்... ஆ..." என்ற சத்தம் இரண்டு வரிசையிலும் மாறி மாறி வந்துகொண்டிருந்தது. வேறு பேச்சே இல்லை. அத்தனை பெண்கள் கூடி வம்பு பேசாமல் இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் சிலோன் அக்கா வந்தார். யாரும் கூப்பிடவில்லை. தொட்டியில் கை கழுவி, புடவையைச் செருகிக்கொண்டு, வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்தார். எல்லோரும் பெரியம்மாவைப் பார்த்தார்கள். பெரியம்மா அவரைப் பார்க்காமலே, கிளறிய மாவில் ஒரு தாம்பாளம் எடுத்து அவர் பக்கம் தள்ளினாள்.

சிலோன் அக்காவின் கை மற்றவர்களைவிட வேகமாக ஓடியது. அம்மா அதிசயமாகப் பார்த்து, "உங்க ஊர்லயும் இது உண்டுங்களா?" என்று கேட்டாள்.

"ஓம். பொரிவிளாங்காய் எண்டு சொல்லுவம். வருசப் பிறப்புக்கு அம்மா செய்வா."

"பேரு மட்டும்தான் வேற," என்றாள் அம்மா. அதோடு பேச்சு நின்றது. சூடு பேசவிடவில்லை.

எனக்கும் இன்னும் சில பிள்ளைகளுக்கும் ஒரு வேலை இருந்தது. பிடித்த உருண்டைகளைத் தட்டுகளிலிருந்து எடுத்துக்கொண்டு போய் ஓலைப் பாயில் பரப்ப வேண்டும். விரிசல் விட்டது, கோணலானது இருந்தால் ஒதுக்கிவிட வேண்டும். மூட்டைக்குள் அது உடைந்து மற்றதையும் கெடுக்கும் என்பது பெரியம்மாவின் சட்டம். ஒதுக்கியதை நாங்கள் தின்னலாம் என்று அவள் சொல்லியிருந்ததால், எங்கள் கண்கள் மிகவும் கூர்மையாக இருந்தன.

அப்படிப் பார்த்தபோதுதான் ஒரு தட்டு முழுக்க ஒரே மாதிரி உருண்டைகள் வந்தன. உருண்டையாகத்தான் இருந்தன, ஆனால் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு குழி. யாரோ பெருவிரலால் அழுத்தியது மாதிரி. எனக்கு ஒரே சந்தோஷம். அத்தனையும் எங்களுக்குத்தான். தட்டோடு தூக்கிக்கொண்டு பெரியம்மாவிடம் ஓடினேன்.

"பெரிம்மா, இதெல்லாம் அமுங்கி இருக்குது."

பெரியம்மா பார்த்தாள். கரண்டியை அண்டாவின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"யாரும்மா இது? மாவு பஞ்சத்துல கெடக்குது, இங்க ஒருத்தி வெளயாடிகினு இருக்கறா?"

கைகள் நின்றன. சிலோன் அக்கா எழுந்து நின்றார். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்கிற மாதிரி.

"நான்தான் அக்கா. அமுக்கினாலும் பழுதாகாது. நான் உறுதியாத்தான் பிடிச்சனான்."

"அப்பறம் எதுக்கு அமுக்கறது?"

சிலோன் அக்கா தன் கையை விரித்துப் பார்த்தார். உள்ளங்கை சிவந்து கன்றிப் போயிருந்தது.

"சின்னனில எனக்குச் சுக்குக் காரம் ஒத்துவராது. அம்மா எனக்கெண்டு சுக்குப் போடாமக் கொஞ்சம் உருட்டுவா. மற்றதுகளோட கலந்திடக் கூடாதெண்டு சூட்டோட இப்பிடி ஒரு அமுக்கு அமுக்கி வைப்பா. எங்கட வீட்டில மட்டும்தான் இப்பிடி." கன்றிய பெருவிரலைத் தேய்த்துக்கொண்டார். "நாங்கள் கரை சேர்ந்தமோ இல்லையோ எண்டே அவவுக்குத் தெரியாது அக்கா. தற்செயலா இதில ஒண்டு அவவின்ர கையில கிடைச்சா... இவள் இருக்கிறாள் எண்டு விளங்கும். வேற ஒண்டுமில்லை."

அடுப்பில் பாகு கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு ஒரே பயம். பாகு பதம் தப்பினால் பெரியம்மா யாரையும் விடமாட்டாள். ஆனால் அன்று பாகு பதம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவே இல்லை. கடைசியில் அம்மா எழுந்து வந்து விறகை வெளியே இழுத்தாள்.

பெரியம்மா வந்து வரிசையில் உட்கார்ந்தாள். சூடாக இருந்த மாவில் ஒரு பிடி எடுத்து உருட்டினாள். உருட்டி, பெருவிரலால் அதன் தலையில் ஒரு அழுத்து அழுத்தித் தட்டில் வைத்தாள். பிறகு நிமிராமலே சொன்னாள்:

"எல்லாரும் அமுக்குங்க."

"இன்னாத்துக்கு?" என்றாள் ஒருத்தி.

"எந்த மூட்ட எந்த ஊருக்குப் போவும்னு யாருக்குத் தெரியும்? அந்தம்மா கைக்கு எது வரும்னு யாருக்குத் தெரியும்? பத்து பேருல ஒருத்தி மட்டும் அமுக்கினா கெடைக்குமா? எல்லாத்துலயும் அமுக்குங்க."

"நம்மள்து சுக்கு போட்டதாச்சே," என்றாள் இன்னொருத்தி.

"அத தின்னும்போது பாத்துப்பாங்க. நீ அமுக்கு."

அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. அன்று பொழுது சாயும் வரை எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும், பார்த்தே அறியாத ஒரு அம்மாவுக்காகப் பெருவிரல் சுடச் சுட அழுத்திக்கொண்டே இருந்தார்கள். எங்களையும் அழுத்தச் சொன்னார்கள். எனக்கு ஒதுக்கல் உருண்டை கிடைக்காமல் போன வருத்தம்தான் பெரிதாக இருந்தது. குழி விழுந்தது கோணல் என்று ஒரு நிமிஷம் முன்புவரை சொன்னவர்கள், இப்போது எல்லாவற்றிலும் குழி போடச் சொல்கிறார்களே என்று குழம்பினேன். குழி இல்லாத பழையவற்றை ஒதுக்கவும் பெரியம்மா விடவில்லை. "அதுவும் போவட்டும், பசிக்கு இன்னா" என்றுவிட்டாள். சிலோன் அக்கா அழுததாக எனக்கு நினைவில்லை. முன்பைவிட வேகமாக உருட்டிக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து குழாயடியில் பெரியம்மா தன் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடவில்லை; சிலோன் அக்காவின் குடத்தையும் தானே நிரப்பி, ஒன்றும் பேசாமல் அவர் வாசலில் வைத்துவிட்டு வந்தாள்.

உருண்டைகளை எண்ணெய் டின்களில் அடைத்து மேலே துணி வைத்துத் தைத்தார்கள். அரிசி மூட்டைகளோடு லாரியில் ஏற்றி, கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்தார்கள். மாமாவும் லாரிக்காரரும் புறப்பட்டார்கள். ராமேசுவரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தால் அங்கிருந்து படகுகளில் போய்விடும் என்பது ஏற்பாடு. லாரி தெருமுனையில் திரும்பும்வரை சிலோன் அக்கா வாசலில் நின்றார். திரும்பிய பிறகும் நின்றார்.

இரண்டு மூன்று நாட்களில் ரேடியோவில் செய்தி வந்தது. உணவு கொண்டுபோன படகுகளை இலங்கைக் கடற்படையினர் நடுக்கடலில் மறித்து, திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று எங்கள் தெருவில் தறிச் சத்தம்கூடக் குறைவாக இருந்தது. சிலோன் அக்காவின் கதவு சாத்தியிருந்தது. பெரியம்மா ஒரு முறை போய்க் கதவின்மேல் கை வைத்துவிட்டு, தட்டாமல் திரும்பி வந்தாள்.

ஆனால் அதற்கு அடுத்து வேறு செய்தி வந்தது. நம் நாட்டு விமானங்களில் கொண்டுபோய் மேலேயிருந்து உணவைப் போட்டுவிட்டார்கள். தெருவில் யாரோ ஒரு சரம் பட்டாசு வெடித்தார்கள். நாங்கள் பிள்ளைகள் எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு ஓடினோம், எங்கள் தலைக்கு மேலேயே போனது மாதிரி.

மாமா அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தார். தாடியும் கறுத்த முகமுமாக இருந்தார். சட்டை உப்புப் பூத்து இருந்தது. நேராகத் தறி இருந்த அறைக்குப் போய், அப்பாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பெரியம்மாவும் அம்மாவும் பின்னாலேயே போனார்கள். நான் கதவு இடுக்கில் நின்றேன்.

"வாங்கிக்கல," என்றார் மாமா. "நாங்க போவறதுக்குள்ள படகு திரும்பி வந்துடுச்சி. இனிமே எப்ப போவும்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியல. ஒரே பேஜார். லாரிக்காரரு எத்தினி நாளுதான் நிப்பாரு?"

"அப்ப மூட்டை?" என்றார் அப்பா.

"மண்டபம் முகாம்ல குடுத்துட்டோம். தெனம் படகுல வந்து எறங்கிகினே இருக்காங்க மாமா. கட்டின துணியோட. டின்ன ஒடைச்சிக் கையில குடுத்தேன். ஒரு ஆளு வாங்கின எடத்துலயே குந்திகினு தின்னான். நிமிரவே இல்ல."

பெரியம்மா கேட்டாள்: "குழியப் பாத்துட்டு யாராச்சும் எதுனா கேட்டாங்களா?"

"இல்லக்கா."

"வயசான பொம்பளைங்க யாருனா..."

"இருந்தாங்க. எல்லாரையும் பாத்தேன்க்கா. யாரும் கேக்கல."

பெரியம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள். "பசிச்சவங்களுக்குத்தான் போச்சி. அது வரைக்கும் சரி," என்றாள். பிறகு, "ஆனா அவளாண்ட சொல்லாத. அவங்க அம்மாவுக்குப் போயிருக்கும்னு உசுரக் கையில புடிச்சிகினு இருக்கறா" என்றாள்.

"பின்ன இன்னான்னு சொல்றது?"

"ஏரோப்பிளான்ல போட்டாங்க இல்ல? அதுல ஏத்திட்டாங்கன்னு சொல்லு. தெருவுலயும் அதயே சொல்லு. கை வெந்து செஞ்சிருக்கறாளுங்க."

அப்பாவும் சரி என்று தலையை ஆட்டினார். பொய் சொன்னால் வாயில் புண் வரும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். அதற்குள் பெரியம்மா என்னைப் பார்த்துவிட்டாள். வெளியே மூச்சு விட்டால் நாக்கில் சூடு வைப்பேன் என்றாள். அவள் சொன்னால் வைப்பாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் குழாயடியிலேயே மாமா சொன்னார். ஒலிபெருக்கிக்காரர் என்பதால் நன்றாகவே சொன்னார். படகு திரும்பியதும் எல்லோரும் சோர்ந்து போனது, பெரிய அதிகாரி ஒருவர் வந்து மூட்டைகளைப் பார்த்தது, உருண்டையைக் கையில் எடுத்துப் பார்த்து, இதுதான் முதலில் போக வேண்டும் என்று சொன்னது, விமானத்தில் ஏற்றியது. பெண்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கேழ்வரகு கொடுத்த கடைசி வீட்டுக்காரம்மா வானத்தை நோக்கிக் கும்பிட்டார்.

சிலோன் அக்கா குடத்தை இடுப்பில் வைத்தபடியே எல்லாவற்றையும் கேட்டார். இடையில் ஒன்றும் கேட்கவில்லை. முடிந்ததும் மாமாவைப் பார்த்து, "நீங்கள் நல்லா இருக்க வேணும் தம்பி. பெரிய உபகாரம்" என்றார். பெரியம்மா என்னைப் பார்த்தாள். நான் குனிந்துகொண்டேன். இவ்வளவு பெரிய ரகசியத்தை வயிற்றுக்குள் வைத்திருப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

அன்று சாயங்காலம் கணக்குப் படிக்கப் போனேன். மற்ற பிள்ளைகள் இன்னும் வரவில்லை. சிலோன் அக்கா சில நாள் செய்தித்தாள்களைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் அவற்றை ஒவ்வொன்றாக மடித்தார். மடித்து அடுக்கி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னார்:

"பிள்ளை, உங்கட மாமாட்டப் போய் ஒண்டு சொல்ல வேணும். விமானம் வெளிக்கிட்டது பெங்களூரில இருந்து. பேப்பரில இருக்கு. ராமேஸ்வரத்தில நிண்ட சாமான் அதில எப்பிடி ஏறினது எண்டு ஆரும் கேப்பினம். அங்கயிருந்து லொறியிலயே பெங்களூருக்குக் கொண்டுபோனதெண்டு சேர்த்துச் சொல்லச் சொல்லு." பிறகு, "பாவம், இந்தத் தெருப் பொம்பிளையள் கை வெந்து செய்தவை. அவைக்கு மனம் நோகக் கூடாது" என்றார்.

நான் அதை மனப்பாடம் செய்துகொண்டு ஓடினேன். மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பெரியம்மா அவருக்குக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன். மாமாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"யாரு சொன்னா? அவங்களா?"

"ஆமா. பேப்பர்ல இருக்குதாம்."

மாமா பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா சொம்பைக் கீழே வைத்தாள். மாமா பாதிக் கூழோடு எழுந்து போய்க் கை கழுவினார். வெகுநேரம் கழுவிக்கொண்டே இருந்தார். பெரியம்மா தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு பக்கத்து அறைக்குப் போனாள். நான் எட்டிப் பார்த்தபோது அவள் சிலோன் அக்காவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்திருந்தாள். விளக்கு ஏற்றும் நேரமாகியும் ஏற்றவில்லை. படிக்க வந்த பிள்ளைகளை எல்லாம் அம்மா வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டாள்.

அடுத்த நாள் மாமா பெங்களூரையும் சேர்த்துச் சொன்னார். ராத்திரியெல்லாம் லாரியில் உட்கார்ந்தே போனாராம். குரல் முன்போல இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். தையற்கடைக்காரர், அவரும் செய்தித்தாள் படிப்பவர், "அதானே, எனக்குக்கூட ஒரு சந்தேகம் இருந்துச்சி" என்று தலையை ஆட்டினார். பெண்களுக்கு நடுவில் நின்றிருந்த சிலோன் அக்கா, "ஓம், நானும் பேப்பரில பாத்தனான், பெங்களூர்தான்" என்றார்.

அந்த அம்மாவைப் பற்றி எந்தச் செய்தியும் வரவில்லை. மறு வருஷம் சிலோன் அக்காவின் கணவருக்குத் திருச்சிப் பக்கம் வேலை கிடைத்து அவர்கள் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு என்ன ஆனதென்று எனக்குத் தெரியாது.

ஆனால் அந்த ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடம் திறந்து, புது வகுப்பில் மாமாவின் விமானக் கதையைச் சொல்லிக்கொண்டு திரிந்தபோது, எனக்குள் ஒரே ஒரு குறைதான் இருந்தது. அது மாமாவின்மேல். பொய் சொல்லப் போகிறவர் பெங்களூரை மறக்கலாமா? நல்லவேளை, விமானத்தில்தான் போனது என்று நம்பிக்கொண்டிருந்த, பாவம், ஒன்றும் தெரியாத சிலோன் அக்கா எடுத்துக் கொடுத்தாரே என்று நினைத்துக்கொண்டேன்.